லூபஸ்: 91,888 பேரில் மூன்று பேர்



வீட்டுக்கடன், வட்டி விகிதம், என்.ஆர்.ஓ. கணக்கு என்று எழுதிக்கொண்டிருக்கும் நான் இந்த முறை ஒரு நோயின் சரித்திரத்தை எழுதப் போகிறேன். பயப்படாதீர்கள், வைத்தியம் சொல்ல மாட்டேன். நான் படித்தது பி.காம். எனக்குத் தெரிந்தது பற்று, வரவு, இருப்பு மூன்றும்தான். ஆனால் இரண்டு கணக்குகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்றால் பேங்க்காரனுக்குச் சோறு இறங்காது. அப்படி ஒத்துப்போகாத இரண்டு கணக்குகளைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

முதல் கணக்கு 1993-ல் வெளியானது. டெல்லிக்குப் பக்கத்துக் கிராமப்புறத்தில் டாக்டர் ஏ.என். மாளவியாவும் சகாக்களும் எடுத்தது. 91,888 பேர் கொண்ட ஜனத்தொகையில் லூபஸ் என்ற நோய் யாருக்கெல்லாம் இருக்கிறது என்று தேடினார்கள். அகப்பட்டவர்கள் மூன்றே பேர். லட்சத்துக்கு 3.2 என்று கணக்கு விழுந்தது.

இரண்டாவது கணக்கு நான் இப்போது குடியிருக்கும் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரத்தில் எடுத்தது. டாக்டர் சமந்தாவும் உடன் இருந்தவர்களும் 1990-களின் தொடக்கத்தில் வெளியிட்டார்கள். இந்த ஊரில் இந்தியத் துணைக்கண்டத்து வம்சாவளியினரிடம் லூபஸ் வெள்ளையர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு இருந்தது. லட்சத்துக்கு மூன்று இல்லை, முப்பதையும் தாண்டிய எண்ணிக்கை. நம்மவர்களுக்கு நோய் உள்ளுறுப்புகளைத் தாக்குவதும், அதில் இறந்துபோவதும் அதிகம் என்றும் எழுதினார்கள்.

லெஸ்டர் தெரியாதவர்களுக்கு ஒரு வரி. 1972-ல் இடி அமீன் உகாண்டாவிலிருந்து விரட்டியடித்த குஜராத்திக் குடும்பங்கள் ஏராளமாக வந்து சேர்ந்த ஊர் இது. பெல்கிரேவ் ரோட்டில் தீபாவளிக்கு நடக்க இடம் இருக்காது. நம் தமிழ்க் குடும்பங்கள் பிற்பாடு வந்து சேர்ந்தவை.

அங்கே லட்சத்துக்கு மூன்று, இங்கே பத்து மடங்குக்கு மேல். விமானம் ஏறினால் ஒட்டிக்கொள்கிற நோயா இது? இல்லை, இரண்டு பேரேடுகளில் ஒன்றில் ஏதோ விட்டுப்போயிருக்கிறதா?

வேலியே பயிரை மேய்ந்த கதை

முதலில் லூபஸ் என்றால் என்ன என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிருமி வந்தால் அடித்து விரட்ட நம் உடம்பில் ஒரு காவல் படை இருக்கிறது. அந்தப் படைக்கு வீட்டுக்காரன் யார், திருடன் யார் என்ற வித்தியாசம் தெரியாமல் போய், சொந்த உடம்பையே அடிக்க ஆரம்பித்தால் அது தன்னுடல் தாக்கும் நோய். முடக்குவாதம் இந்த வகைதான், லூபஸும் இந்த வகைதான். முடக்குவாதம் பெரும்பாலும் மூட்டைப் பிடிக்கும். லூபஸுக்கு இடம், வரைமுறை கிடையாது. தோல், மூட்டு, ரத்தம், சிறுநீரகம், மூளை, இதயத்தைச் சுற்றிய உறை என்று எங்கே வேண்டுமானாலும் கை வைக்கும்.

நோயாளிகளில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள். அதிலும் பெரும்பாலும் பிள்ளை பெறும் வயதுப் பெண்கள். இரண்டு கன்னத்திலும் மூக்கின் மேலும் பட்டாம்பூச்சி மாதிரி சிவப்பு, வெயில் பட்டால் அது கூடுவது, முடி கொட்டுவது, வாய்ப்புண், விட்டுவிட்டு வரும் காய்ச்சல், கை மூட்டுகளில் வலி, கால் வீக்கம், தொடர்ந்து கரு கலைவது என்று வரும். எல்லாம் எல்லோருக்கும் வராது, ஒரே நேரத்திலும் வராது. அதனால் தோல் டாக்டர், எலும்பு டாக்டர், மகப்பேறு டாக்டர் என்று ஆளுக்கு ஒரு துண்டைப் பார்த்துவிட்டு அனுப்பிவிடுவார்கள். யானையைத் தடவிய குருடர்கள் கதைதான்.

மருத்துவ உலகமே அப்படித் தடவித் தடவித்தான் வந்திருக்கிறது. லத்தீனில் லூபஸ் என்றால் ஓநாய். முகத்தை ஓநாய் கடித்தது போல் அரித்துவிடும் தோல் நோய்களுக்கு ஐரோப்பாவில் நடுக்காலத்திலேயே இந்தப் பெயர் வந்துவிட்டது. 1851-ல் பாரிஸில் கசனாவ் என்ற தோல் மருத்துவர் அதில் சிவந்து படரும் வகையைத் தனியாகப் பிரித்துப் பெயர் வைத்தார். 1872-ல் வியன்னாவில் கபோசி, இது தோலோடு நிற்கும் நோய் இல்லை, உடம்பு முழுவதும் பாய்ந்து ஆளையே கொல்லக்கூடியது என்று எழுதினார். 1895-லிருந்து அமெரிக்காவில் வில்லியம் ஆஸ்லர் சிறுநீரகம், மூட்டு, வயிறு என்று உள்ளே நடப்பதை வரிசைப்படுத்தினார். தோலில் ஆரம்பித்த ஒரு நோயை உள்ளே பின்தொடர்ந்து போக இவ்வளவு காலம் ஆனது.

1948-ல் இரண்டு பெரிய சம்பவங்கள், இரண்டும் அமெரிக்காவில் மேயோ கிளினிக்கில். ஒன்று, ஹார்கிரேவ்ஸ் என்ற டாக்டரும் கூட இருந்த இருவரும் எலும்பு மஜ்ஜைச் சாம்பிளில் ஒரு விசித்திரமான அணுவைக் கண்டார்கள். ஒரு வெள்ளணு இன்னொரு அணுவின் உட்கருவை அப்படியே விழுங்கி வைத்திருந்தது. எல்.இ. செல் என்று பெயர் வைத்தார்கள். லூபஸுக்கு முதல் முறையாக ஒரு ரத்தச் சோதனை கிடைத்தது. அதுவரை முகத்தைப் பார்த்துச் சொன்னதை இனி மைக்ராஸ்கோப்பில் காட்டலாம். இரண்டு, பிலிப் ஹென்ச் முடக்குவாதத்தில் படுத்திருந்த ஒரு பெண்ணுக்குக் கார்ட்டிசோன் கொடுத்தார், சில நாளில் அவர் எழுந்து நடந்தார். 1950-ல் ஹென்சுக்கும் இன்னும் இருவருக்கும் நோபல் பரிசு. ஸ்டீராய்டு காலம் பிறந்தது. லூபஸ்காரர்கள் பிழைக்க ஆரம்பித்தார்கள்.

எவ்வளவு பேர், எவ்வளவு காலம் பிழைத்தார்கள்? இங்கேதான் நம் இலாகா வருகிறது. :-)

டாக்டருக்குத் துணையாக ஒரு கணக்குப்பிள்ளை

1955-ல் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் இருந்து ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர்கள் இரண்டு பேர். லாரன்ஸ் ஷுல்மன் டாக்டர். மார்கரெட் மெரல் என்ற அம்மையார் புள்ளியியல்காரர். 99 லூபஸ் நோயாளிகளை வைத்துக்கொண்டு நாலு வருடம் கழித்து எத்தனை பேர் உயிரோடு இருப்பார்கள் என்று கணக்குப் போட்டார்கள். விடை 51 சதவீதம். பாதிப் பேர் நாலு வருடம் தாண்டவில்லை.

இந்த விடையைவிட அவர்கள் போட்ட வழி எனக்கு முக்கியமாகப் படுகிறது. இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் எப்போதோ பயன்படுத்திக்கொண்டிருந்த ஆயுள் அட்டவணை முறையை நாள்பட்ட நோய்க்குக் கொண்டுவந்தார்கள். அதில் என்ன விசேஷம் என்று ஒரு சின்னக் கணக்கில் சொல்கிறேன்.

பத்து நோயாளிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வருடம் ஒருவர் இறக்கிறார். நாலு பேர் ஆஸ்பத்திரிக்கு வருவதை நிறுத்திவிடுகிறார்கள், தகவல் இல்லை. மிச்சம் ஐந்து பேர். இரண்டாம் வருடம் அதில் ஒருவர் இறக்கிறார். மேலோட்டமாகப் பார்த்தால் பத்தில் இரண்டு பேர்தானே போனார்கள், 80 சதவீதம் பிழைத்தார்கள் என்று தோன்றும். தப்பு. முதல் வருடம் பத்தில் ஒன்பது பேர், அதாவது 90 சதவீதம். இரண்டாம் வருடம் கண்ணுக்கு எதிரே இருந்த ஐந்தில் நாலு பேர், அதாவது 80 சதவீதம். இரண்டையும் பெருக்கினால் 72 சதவீதம். காணாமல் போன நாலு பேரைச் சத்தமில்லாமல் பிழைத்தவர் பக்கம் எழுதிவிடாமல் இருப்பதுதான் இந்த முறையின் நேர்மை. (நிபுணர்கள் இன்னும் நுணுக்கமாகச் செய்வார்கள், சாரம் இதுதான்.)

ஆனால் இதிலும் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. காணாமல் போனவர்களும் வந்துகொண்டிருப்பவர்களைப் போலத்தான் இருப்பார்கள் என்று இந்த முறை எடுத்துக்கொள்கிறது. பால்டிமோரில் அது ஓரளவு சரியாக இருக்கலாம். நம்மூரில் வராமல் போனவர் எதற்காக வராமல் போனார்? பஸ் காசு இல்லாமலா, சரியாகிவிட்டதாலா, உயிரே இல்லாததாலா? கிளையில் வேலை பார்த்த காலத்தில் வருடக்கணக்கில் வரவு செலவு இல்லாத கணக்கு என்று ஒரு பட்டியல் எடுப்போம். அதில் ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் ஒரு கதை இருக்கும். கணக்கில் அது ஒரு வரி மட்டும்தான்.

வேலூரின் 98 பேர்

இப்போது நம் பக்கம் வருவோம். எனக்குச் சொந்த ஊர் சித்தூர் ஜில்லா சாந்திபுரம், குப்பத்துக்குப் பக்கம். மூன்று மாநிலம் முட்டிக்கொள்கிற மூலை. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, சந்தையில் கன்னடமும் கேட்கும். மல்பெரித் தோட்டமும் பட்டுப்பூச்சியும் பிழைப்பு. எங்கள் பக்கத்தில் வியாதி முற்றினால் எல்லோர் வாயிலும் வரும் ஒரே பெயர் வேலூர். குப்பத்தில் காலையில் ரயிலேறி ஜோலார்பேட்டை, வாணியம்பாடி, ஆம்பூர் தாண்டி மதியத்துக்குள் காட்பாடி. சித்தூர், திருப்பதிக்காரர்களுக்கு பஸ்ஸே போதும்.

அந்த சி.எம்.சி. ஆஸ்பத்திரி பெண்களுக்காகப் பிறந்தது. ஐடா ஸ்கடர் அம்மையார் இளம்பெண்ணாக இருந்தபோது ஒரே இரவில் மூன்று வீட்டுக்காரர்கள் வந்து, பிரசவ வேதனையில் இருக்கும் மனைவியைப் பார்க்க ஆண் டாக்டர் வேண்டாம், நீங்கள் வாருங்கள் என்று கெஞ்ச, வைத்தியம் தெரியாத அவர் கையைப் பிசைந்து நிற்க, மூன்று பெண்களும் விடிவதற்குள் இறந்துபோன கதை பலருக்கும் தெரியும். அவர் அமெரிக்கா போய் டாக்டராகித் திரும்பி 1900-ல் ஒற்றைப் படுக்கையோடு வேலூரில் ஆரம்பித்தார். 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி வந்தது.

பெண்களை அதிகம் தாக்கும் லூபஸின் இந்தியக் கணக்கில் அதே ஆஸ்பத்திரிக்கு ஒரு முக்கியப் பக்கம் இருக்கிறது. 1997-ல் வேலூர் டாக்டர்களும் அங்கிருந்த புள்ளியியல் நிபுணர் ஜெயசீலனும் சேர்ந்து, தங்களிடம் வந்த 98 லூபஸ் நோயாளிகளின் ஆயுள் அட்டவணையை வெளியிட்டார்கள். பால்டிமோரில் 99, வேலூரில் 98! ஐந்து வருடம் தாண்டியவர்கள் 77 சதவீதம், பத்து வருடம் தாண்டியவர்கள் 60 சதவீதம். அதற்கு முன் 1992-ல் டெல்லியில் இருந்து அசோக் குமார், மாளவியா குழுவினர் 206 பேரின் கணக்கைத் தந்திருந்தார்கள். அதில் ஐந்து வருடத்துக்கு 68, பத்து வருடத்துக்கு 50.

இதே காலத்தில் பணக்கார நாடுகளில் ஐந்து வருடக் கணக்கு 90-ஐ ஒட்டி வந்துவிட்டது. ஸ்டீராய்டு அங்கேயும் இங்கேயும் ஒன்றுதான். பிறகு ஏன் இந்த இடைவெளி? இந்திய ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்வது, நம்மவர்கள் தாமதமாக வருகிறார்கள், வரும்போதே சிறுநீரகம் போன்ற உறுப்புகள் அடிவாங்கியிருக்கின்றன, காசநோய் உள்ளிட்ட தொற்றுகள் பெரிய எமனாக நிற்கின்றன என்பதுதான். நோயை அடக்க எதிர்ப்புச் சக்தியைக் குறைக்க வேண்டும். குறைத்தால் கிருமி உள்ளே வரும். கத்தி மேல் நடக்கிற வைத்தியம்.

சென்னையையும் சொல்லாமல் விடக்கூடாது. சென்னை மருத்துவக் கல்லூரியில் மூட்டுவாதத் துறையைக் கட்டி எழுப்பிய டாக்டர் ஏ.என். சந்திரசேகரனும் டெல்லி மாளவியாவும் இன்னும் இருவருமாக 1997-லேயே நாட்டின் பல பகுதிகளைச் சேர்ந்த 1,366 லூபஸ் நோயாளிகளின் விவரத்தைத் தொகுத்து வெளியிட்டார்கள். கம்ப்யூட்டரும் ஈமெயிலும் இப்போது போல் இல்லாத காலம். ஆயிரத்து முந்நூறு பேரின் கேஸ் ஷீட்டுகளை ஒரே அச்சில் கொண்டுவருவது லேசான வேலையா என்று வருடக் கடைசியில் கணக்கு முடித்தவர்களைக் கேளுங்கள்.

இங்கே ஒரு கேள்வி இடிக்கும். லட்சத்துக்கு மூன்றுதான் என்றால், அதிலும் பாதிப் பேர் ஆஸ்பத்திரிப் படியே ஏறாத தேசத்தில், 1,366 பேர் எங்கிருந்து வந்தார்கள்? தேசம் பெரிது, வந்திருக்கலாம். ஆனாலும் சந்தேகம் வலுக்கிறது.

இருப்பு வேறு, வரவு வேறு

டெல்லிக் கிராமங்களில் தேடியவர்கள் அரைகுறையாகத் தேடவில்லை. அதே காலத்தில் அந்தப் பக்கத்திலேயே முடக்குவாதத்துக்காக 44,551 பெரியவர்களிடம் வீடு வீடாகப் போனார்கள். பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் கேள்வித்தாளோடு போய் 3,393 பேரைச் சந்தேகப் பட்டியலில் எழுதி, டாக்டர்கள் அவர்களைப் பார்த்து 299 பேரை உறுதி செய்தார்கள். சலித்துச் சலித்து எடுத்த கணக்கு. மூட்டு வீங்கி விரல் கோணிய ஆள் முப்பது வருடம் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். வீடு வீடாகப் போனால் கண்ணில் பட்டுவிடுவார். லூபஸ்காரர் அப்படி உட்கார்ந்திருப்பாரா?

ஒரு நாளில் ஊரில் எத்தனை நோயாளிகள் இருக்கிறார்கள் என்று எண்ணுவது நாள் முடிவில் இருப்பை எண்ணுவது மாதிரி. இருப்பு எதைப் பொறுத்தது? எவ்வளவு பணம் உள்ளே வருகிறது என்பதையும், வந்த பணம் எவ்வளவு நாள் தங்குகிறது என்பதையும். ஒரு வட்டாரத்தில் வருடத்துக்கு 5 பேருக்குப் புதிதாக லூபஸ் வருகிறது, ஒவ்வொருவரும் அதோடு 30 வருடம் வாழ்கிறார்கள் என்றால், எந்த நாளில் எண்ணினாலும் சுமார் 150 பேர் இருப்பார்கள். அதே 5 பேர், ஆனால் 5 வருடத்தில் போய்விடுகிறார்கள் என்றால் 25 பேர்தான் இருப்பார்கள். வரவு ஒன்றுதான், இருப்பு ஆறில் ஒரு பங்கு. அதிலும் பலருக்கு நோயின் பெயரே தெரியாது என்றால் பேரேட்டில் ஏறுவது இன்னும் குறையும்.

குறைந்த எண் என்றால் நோய் குறைவு என்று அர்த்தம் இல்லை. நோயாளிகள் சீக்கிரம் கணக்கை முடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்றும் அர்த்தம் இருக்கலாம்.

இது மட்டுமே முழு விடை என்று சொல்ல மாட்டேன். இதே புதிர் ஆப்பிரிக்கா விஷயத்திலும் உண்டு. கரீபியன், அமெரிக்கக் கறுப்பினத்தவரிடம் லூபஸ் அதிகம், மேற்கு ஆப்பிரிக்காவில் அபூர்வம் என்று பல காலம் எழுதினார்கள். 1968-ல் பிரையன் கிரீன்வுட், நைஜீரியாவில் இருந்துகொண்டு, மலேரியா போன்ற ஒட்டுண்ணி நோய்கள் அடிக்கடி வருவதால்தான் இந்த நோய்கள் அடங்கிக் கிடக்கின்றனவோ என்று கேட்டார். 1995-ல் டெபோரா சிம்மன்ஸ் இந்தக் கேள்வியைத் திரும்ப எடுத்தார். உண்மையிலேயே அங்கே குறைவா, அல்லது கண்டுபிடிக்கப்படாமல் போகிறதா என்ற வாதம் தொடர்ந்தது. நம் கணக்கிலும் இரண்டும் கலந்திருக்கலாம். டெல்லி ஆய்வுக்காரர்களே தங்கள் எண்ணுக்குப் பக்கத்தில், பூஜ்யத்திலிருந்து 6.86 வரை எதுவும் உண்மையாக இருக்கலாம் என்று நேர்மையாகப் போட்டிருந்தார்கள். ஆனால் 6.86 என்று வைத்தாலும் லெஸ்டர் எண்ணுக்குக் கிட்டே வராது.

எனக்கு இந்தக் கணக்கு வெறும் கணக்காகத் தெரியாததற்குக் காரணம் உண்டு. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் எங்கள் தெருவில் ஒரு அக்கா இருந்தார். மல்பெரி இலை பறிக்கப் போவார். கல்யாணமாகி இரண்டு வருடத்துக்குள் கன்னம் இரண்டும் சிவந்து தடித்தது. வெயில் என்றார்கள். விரல் மூட்டு வலித்தது, வாதம் என்றார்கள். முடி கொட்டியது, தண்ணி மாறினது என்றார்கள். இரண்டு கரு தங்கவில்லை, அதற்கு மாமியார் வேறு காரணம் சொன்னார். காய்ச்சல் விடவில்லை என்று ஒரு ஆஸ்பத்திரியில் டி.பி. மாத்திரை கொடுத்தார்கள். கடைசியில் கால் வீங்கி, முகம் வீங்கி, மூச்சு வாங்கி, ஒரு மார்கழியில் போய்விட்டார். வயது இருபத்துநாலு இருக்கும். வேலூருக்குக் கூட்டிப்போகலாம் என்ற பேச்சு வந்தபோது காலம் கடந்துவிட்டது.

மேலே நான் எழுதிய அறிகுறிப் பட்டியலை இன்னொரு தரம் படித்துப் பாருங்கள். அது லூபஸ்தான் என்று அடித்துச் சொல்ல எனக்கு உரிமை இல்லை, சொல்வதற்கு ஒரு காகிதமும் இல்லை. எந்த ஆய்வுக்காரர் எங்கள் தெருவுக்கு வந்து வீடு வீடாக எண்ணியிருந்தாலும் அந்த அக்கா கணக்கில் வந்திருக்க மாட்டார். லட்சத்துக்கு மூன்று என்ற எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் நாலாவது ஆளாக அவர் முகம்தான் எனக்குத் தெரிகிறது.

ஒரு பழைய மாத்திரையின் கதை

லூபஸ் ஆராய்ச்சியில் எனக்கு மிகவும் பிடித்த சோதனை ஒன்று உண்டு. அதற்கு முன்கதை மலேரியா. 1894-லேயே லண்டனில் பெய்ன் என்பவர் லூபஸ் தோலுக்குக் கொய்னா கொடுத்துப் பார்த்தார். இரண்டாம் உலகப்போரில் சிப்பாய்களுக்கு மலேரியா மாத்திரையாகக் கொடுத்த மெப்பாக்ரின் லூபஸில் வேலை செய்கிறது என்று 1951-ல் பேஜ் என்ற டாக்டர் எழுதினார். அந்த வம்சத்தில் வந்ததுதான் ஹைட்ராக்ஸிகுளோரோக்வின். 1950-களிலிருந்து புழக்கத்தில் இருக்கிறது.

நன்றாக இருக்கும் நோயாளி இந்த மாத்திரையை நிறுத்தினால் என்ன ஆகும்? கனடாவில் சோதித்தார்கள், 1991-ல் முடிவு வந்தது. நோய் அடங்கியிருந்த 47 பேர். சீட்டுக் குலுக்கியது போல் பிரித்து 25 பேருக்கு அதே மாத்திரை, 22 பேருக்கு மாத்திரை மாதிரியே இருக்கும் வெறும் மாவு. யாருக்கு எது என்று யாருக்கும் தெரியாது. ஆறு மாதத்துக்குள் மாத்திரை தொடர்ந்த 25 பேரில் 9 பேருக்கு நோய் கிளம்பியது. நிறுத்தப்பட்ட 22 பேரில் 16 பேருக்கு. 47 பேரை வைத்துச் செய்த சின்னச் சோதனைதான். இன்றைக்கும் டாக்டர்கள், உடம்பு சரியாகிவிட்டதே என்று மாத்திரையை நிறுத்தாதே என்று சொல்வதற்குப் பின்னால் அந்த 16 பேர் நிற்கிறார்கள்.

2020 மார்ச்சில் கொரோனாவுக்கு இது மருந்து என்று உலகமே இந்த மாத்திரையின் மேல் விழுந்தது ஞாபகம் இருக்கும். மருந்துக்கடைகளில் காணாமல் போனது. மார்ச் 25 அன்று இந்தியா ஏற்றுமதிக்குத் தடை போட்டது, ஏப்ரலில் தளர்த்தியது. பிற்பாடு நடந்த பெரிய சோதனைகளில் கொரோனாவுக்கு இது உதவாது என்று தெரிந்தது. நடுவில் தவித்தவர்கள் தினமும் இதை விழுங்கியாக வேண்டிய லூபஸ்காரர்கள்.

புது மருந்துகளும் வந்திருக்கின்றன. 2011-ல் பெலிமுமாப், ஐம்பது வருடத்துக்கு மேல் கழித்து லூபஸுக்கென்றே அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து. 2021-ல் அனிஃப்ரோலுமாப். அதே வருடம் ஜெர்மனியின் எர்லாங்கனில், நோயாளியின் சொந்த வெள்ளணுக்களை எடுத்துப் பழக்கித் திரும்ப ஏற்றும் வைத்தியம் ஒரு இளம்பெண்ணுக்குப் பலித்த செய்தி வந்தது. சந்தோஷம். ஆனால் விலையைக் கேட்டால் நம்மூர்க் குடும்பம் நிலத்தை விற்க வேண்டும். அதனால் சண்டிகரில் 2016-ல் வெளியான ஒரு ஆய்வு எனக்குப் பெரிதாகப் படுகிறது. சிறுநீரகத்தில் லூபஸ் வந்த 100 பேர். 50 பேருக்குக் குறைந்த அளவில் பழைய சைக்ளோபாஸ்பமைடு ஊசி, 50 பேருக்கு விலை கூடிய மாத்திரை. இரண்டு பக்கமும் பலன் கண்டவர்கள் சரியாக 37 பேர். எந்த மருந்து உசத்தி என்பது மட்டும் ஆராய்ச்சி இல்லை. மலிவானது போதுமா என்று கேட்பதும் ஆராய்ச்சிதான்.

இப்போது பேரேடு யார் கையில்?

சமீப வருடங்களில் ஒரு நல்ல காரியம் நடந்திருக்கிறது. லக்னோவின் சஞ்சய் காந்தி நிலையத்தில் டாக்டர் அமிதா அகர்வால் முன்னின்று, நாடு முழுவதும் பத்து மையங்கள் சேர்ந்து, லூபஸ் என்று புதிதாகக் கண்டவர்களை ஆரம்பத்திலிருந்தே பதிந்து வருடக்கணக்கில் பின்தொடரும் ஒரு தொகுப்பை உண்டாக்கினார்கள். இன்ஸ்பையர் என்று பெயர். இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் அதில் இருக்கிறார்கள். புதுச்சேரி ஜிப்மர், ஹைதராபாத் நிம்ஸ், பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் எல்லாம் அதில் பங்காளிகள். பால்டிமோரின் 99, வேலூரின் 98 என்று ஆரம்பித்த கணக்கு இப்போது நம் ஆட்களையே வைத்து நம் நாட்டிலேயே ஆயிரக்கணக்கில் எழுதப்படுகிறது.

எங்கள் பக்கமும் மாறியிருக்கிறது. திருப்பதியில் தேவஸ்தானத்தின் முயற்சியில் ஸ்விம்ஸ் 1993-ல் செயல்படத் தொடங்கியது. குப்பத்திலேயே மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. அந்த அக்கா இன்றைக்கு இருந்திருந்தால் ஒரு சிறுநீர்ப் பரிசோதனையும் ஏ.என்.ஏ. ரத்தச் சோதனையும் எட்டுகிற தூரத்தில் இருந்திருக்கும்.

வெளிநாட்டில் இருக்கும் நம் குடும்பங்களுக்குக் கணக்குப்பிள்ளையாக நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். லெஸ்டர் ஆய்வு நம்மைப் பற்றியது என்று எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இளம்பெண்ணுக்கு மூட்டு வலி, கன்னச் சிவப்பு, முடி கொட்டுதல், தொடர் காய்ச்சல் எல்லாம் வெவ்வேறு நேரத்தில் வந்திருந்தால், டாக்டரிடம் தனித்தனியாகச் சொல்லாமல் ஒரே காகிதத்தில் தேதியோடு எழுதிக் கொடுங்கள். அத்தைக்கோ பெரியம்மாவுக்கோ இப்படி இருந்தது என்றால் அதையும் எழுதுங்கள். கல்யாணம் தடைப்படும் என்று ஃபைலை பீரோவில் பூட்டுகிற வழக்கம் நம்மிடம் நிறைய உண்டு. லூபஸ் ஒட்டுவாரொட்டி இல்லை. நோயை அடக்கி வைத்துவிட்டு, டாக்டரோடு பேசித் திட்டமிட்டுப் பிள்ளை பெற்றுக்கொண்டு வாழும் பெண்கள் எத்தனையோ பேர்.

ஊரிலிருந்து இங்கே மாறி வருபவர்கள் பழைய ரிப்போர்ட்டுகளைப் பெட்டியில் முதலில் வையுங்கள், ஊறுகாய் பிறகு. மாத்திரையை நிறுத்துவதோ குறைப்பதோ டாக்டர் சொல்லட்டும். அடுத்த தேதிக்குப் போக முடியாவிட்டால் ஒரு போன் செய்து வேறு தேதி வாங்குங்கள். காணாமல் மட்டும் போய்விடாதீர்கள். காணாமல் போனவருக்கு என்ன ஆனது என்று சொல்லத் தெரிந்த அட்டவணையை மெரல் அம்மையாராலும் போட முடியவில்லை.

அடுத்த பதிவில் வழக்கம்போல் வட்டி விகிதம்.